ஷேர்லி பாஸி: கார்டிஃப் துறைமுகத்திலிருந்து எழுந்த குரல்

2020 நவம்பரில் பிரித்தானியாவின் இசைத்தொகுப்பு விற்பனைப் பட்டியலில் ஐந்தாம் இடத்தைப் பிடித்த பாடகிக்கு அப்போது வயது 83. அந்தத் தொகுப்போடு அவர் ஒரு சாதனைக்கும் உரியவரானார். தொடர்ச்சியாக ஏழு தசாப்தங்களில் பிரித்தானியாவின் முதல் 40 இசைத்தொகுப்புகளுக்குள் இடம்பெற்ற முதல் பெண் கலைஞர் அவர்தான். பெயர் ஷேர்லி பாஸி. பெயரை அறியாதவர்களும் குரலை அறிந்திருப்பார்கள். ஜேம்ஸ் பொண்ட் திரைப்படங்களின் தொடக்கப் பாடல்களில் மூன்றைப் பாடியவர் அவர். ஒன்றுக்கு மேற்பட்ட பொண்ட் படங்களுக்குத் தொடக்கப் பாடல் பாடியவர் வேறு எவரும் இல்லை.

நாம் வாழும் நாடுகளில் குடியேறியவரின் பிள்ளை வென்றால் "எமது பிள்ளை" என்று கொண்டாடுவதையும், அதே பிள்ளை பிறந்த தெருவை "அந்தப் பகுதி" என்று முகஞ்சுளித்துச் சொல்வதையும் நாம் அடிக்கடி காண்கிறோம். ஷேர்லி பாஸியின் வாழ்க்கையில் இந்த இரண்டும் உண்டு. பாட்டுக்காக மட்டுமன்றி, இதற்காகவும் அவருடைய வரலாறு தெரிந்துகொள்ளத் தக்கது.

டைகர் பே

வேல்ஸின் தென்கரையில் இருக்கும் கார்டிஃப் நகரை வளர்த்தது நிலக்கரி. உட்பகுதிப் பள்ளத்தாக்குகளில் வெட்டிய நிலக்கரியை ஏற்றி அனுப்புவதற்காக இரண்டாம் பியூட் பிரபு கட்டுவித்த முதல் கப்பல்துறை 1839 இல் திறக்கப்பட்டது. முதலாம் உலகப் போருக்கு முந்திய ஆண்டான 1913 இல் ஒரு கோடி தொன்னுக்கும் அதிகமான நிலக்கரி கார்டிஃபிலிருந்து வெளியே போனது. அதைச் சுமந்த நீராவிக் கப்பல்களுக்கு ஆட்கள் தேவைப்பட்டார்கள். குறிப்பாக, கப்பலின் அடித்தட்டில் கொதிகலன் அடுப்புக்குக் கரி அள்ளிப்போடும் கடுமையான வேலைக்குச் சோமாலியா, யேமன், மேற்கு ஆபிரிக்கா, மேற்கிந்தியத் தீவுகள், இந்தியா எனப் பல திசைகளிலிருந்தும் ஆட்களை எடுத்தார்கள். அவர்களில் ஒரு பகுதியினர் கார்டிஃபிலேயே தங்கி, உள்ளூர்ப் பெண்களை மணந்து குடும்பமானார்கள். துறைமுகத்தை ஒட்டிய பியூட்டவுன் பகுதியில் ஐம்பதுக்கும் மேற்பட்ட இனத்தவர் வாழ்ந்ததாகச் சொல்வார்கள். அந்தப் பகுதிக்கு வழங்கிய பெயர்தான் டைகர் பே.

அங்கே வாழ்ந்தவர்களுக்கு அது ஒருவர் வீட்டுப் பிள்ளையை மற்றவர் பார்த்துக்கொள்ளும் ஊர். நகரின் மற்றப் பகுதியினருக்கோ அது குடியும் சண்டையும் நிறைந்த இடம். 1919 ஜூனில், போர் முடிந்து வேலையில்லாமல் திரும்பியவர்களின் கோபம் கறுப்பின, அரபு மாலுமிகள் மீது திரும்பியது. கார்டிஃபில் நடந்த அந்தக் கலவரத்தில் மூவர் உயிரிழந்தார்கள். 1952 செப்டெம்பரில் மஹ்மூத் மத்தான் என்ற சோமாலிய முன்னாள் மாலுமி, தான் செய்யாத கொலைக்காகக் கார்டிஃப் சிறையில் தூக்கிலிடப்பட்டார். அந்தத் தீர்ப்பு தவறானது என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் இரத்துச் செய்தது 1998 இல். இடையில் 46 ஆண்டுகள் போய்விட்டன.

இந்தச் சூழலில்தான் 1937 ஜனவரி 8 ஆம் திகதி, பியூட் வீதியில் ஷேர்லி பாஸி பிறந்தார். தந்தை ஹென்றி பாஸி நைஜீரியாவிலிருந்து வந்த கப்பல் தொழிலாளி. தாய் எலைசா இங்கிலாந்தின் வடகிழக்கைச் சேர்ந்த வெள்ளையினப் பெண். ஷேர்லிதான் வீட்டின் கடைசிப் பிள்ளை. அவர் சிறு குழந்தையாக இருந்தபோதே தந்தை குடும்பத்திலிருந்து பிரிந்து போனார். தாய் பிள்ளைகளோடு அருகிலிருந்த ஸ்பிளொட் பகுதிக்குக் குடிபெயர்ந்தார். அது உருக்காலையை ஒட்டிய தொழிலாளர் குடியிருப்பு. பெரும்பாலும் வெள்ளையினத்தவர் வாழ்ந்த இடம்.

தொழிற்சாலையும் முதல் மேடையும்

பள்ளிப் பாடற்குழுவில் ஷேர்லியின் குரல் மற்றவர்களின் குரலை மூடிவிடும் என்பதால் ஆசிரியர் அவரைப் பின்னே தள்ளி நிற்கச் சொல்லிக்கொண்டே இருந்தாராம். கடைசியில் வகுப்பறைக்கு வெளியே நின்று பாட வேண்டியதாயிற்று என்று பின்னாளில் அவர் சிரித்தபடி சொல்லியிருக்கிறார். பதின்ம வயதிலேயே பள்ளியை விட்டு, பாத்திரங்களுக்கு எனாமல் பூசும் தொழிற்சாலை ஒன்றில் பொருட்களைக் காகிதத்தில் சுற்றிக் கட்டும் வேலைக்குச் சேர்ந்தார். மாலையிலும் வார இறுதியிலும் மதுச்சாலைகளிலும் தொழிலாளர் மன்றங்களிலும் பாடினார். இசைப் பள்ளி எதிலும் அவர் படித்ததில்லை. குடித்துவிட்டுப் பேசிக்கொண்டிருக்கும் கூட்டத்தைத் தன் பக்கம் திருப்ப வேண்டிய அந்த இடங்களே அவருக்குப் பயிற்சிக்கூடம்.

1953 இல், 16 வயதில், ஊர் ஊராகச் செல்லும் மேடை நிகழ்ச்சி ஒன்றில் முதல் ஒப்பந்தம் கிடைத்தது. அது முகத்தில் கரி பூசிக் கறுப்பினத்தவராகப் பாடிப் புகழ்பெற்ற அமெரிக்க வெள்ளையினப் பாடகர் அல் ஜோல்சனின் நினைவு நிகழ்ச்சி. அடுத்து வந்த நிகழ்ச்சியின் தலைப்பு "ஹொட் ஃபுறம் ஹார்லெம்". ஹார்லெம் நியூயோர்க்கில் கறுப்பினத்தவர் செறிந்து வாழும் பகுதி. கார்டிஃபைத் தாண்டி அதிகம் போயிராத ஒரு பெண்ணை, ஹார்லெமிலிருந்து நேரே வந்திறங்கியவர் போலக் காட்டினார்கள். பிரித்தானியாவிலேயே பிறந்த கறுப்பினப் பாடகி என்று ஒருவர் இருக்க முடியும் என்பதை மக்கள் ஏற்பார்களா என்ற ஐயம் நிகழ்ச்சி நடத்தியவர்களுக்கு இருந்திருக்க வேண்டும்.

அந்தக் காலத்தில் ஷேர்லி கருவுற்றார். 1954 இல் மகள் ஷாரன் பிறந்தார். திருமணமாகாத பதின்ம வயதுத் தாயை அன்றைய சமூகம் எப்படிப் பார்த்திருக்கும் என்பதைச் சொல்லத் தேவையில்லை. குழந்தை ஷேர்லியின் அக்கா வீட்டில் வளர்ந்தது. ஷேர்லி கார்டிஃபில் உணவகப் பணிப்பெண்ணாக வேலை செய்தார். பாட்டு முடிந்துபோனது என்றே தோன்றியது.

1955 இல் மைக் சலிவன் என்ற முகவர் அவரை மீண்டும் மேடைக்கு அழைத்து வந்தார். எந்த உடை அணிவது, எப்படி நடந்து வருவது, எந்தப் பாடலை எந்த வரிசையில் பாடுவது என்று எல்லாவற்றையும் திட்டமிட்டுப் பழக்கினார். அதே ஆண்டின் இறுதியில் லண்டன் அடெல்ஃபி அரங்கில் ஜாக் ஹில்டனின் நிகழ்ச்சியில் ஷேர்லிக்கு இடம் கிடைத்தது. 1956 பெப்ரவரியில் பிலிப்ஸ் நிறுவனம் அவருடைய முதல் இசைத்தட்டை வெளியிட்டது. பாடல் வரிகள் விரசமானவை என்று சொல்லி பிபிசி அதை ஒலிபரப்ப மறுத்தது.

முதலிடம்

1957 இல் "பனானா போட்" பாடல் எட்டாம் இடத்துக்கு வந்தது. 1959 பெப்ரவரியில் "ஆஸ் ஐ லவ் யூ" பிரித்தானியத் தனிப்பாடல் பட்டியலின் முதலிடத்தைப் பிடித்தது. அந்த இடத்தை அடைந்த முதல் வேல்ஸ் கலைஞர் ஷேர்லிதான். அதே வேளையில் அவருடைய இன்னொரு பாடலும் முதல் மூன்று இடங்களுக்குள் நின்றது. பாட்டு நாடு என்று தன்னைச் சொல்லிக்கொள்ளும் வேல்ஸ், தேவாலயப் பாட்டுக்கும் சுரங்கத் தொழிலாளர்களின் ஆண்கள் பாடற்குழுக்களுக்கும் பெயர்பெற்றது. ஆனால் அந்த நாட்டுக்கு முதல் முதலிடத்தைத் தேடிக் கொடுத்தவர், மற்றவர்கள் முகஞ்சுளித்த துறைமுகத் தெருவில் பிறந்த நைஜீரியரின் மகள்.

பிறகு கொலம்பியா நிறுவனத்துக்கு மாறினார். 1960 இல் "ஆஸ் லோங் ஆஸ் ஹீ நீட்ஸ் மீ" இரண்டாம் இடத்தைப் பிடித்து 30 வாரங்கள் பட்டியலில் நின்றது. 1961 இல் இரண்டாவது முறையாக முதலிடம் கிடைத்தது. பீற்றில்ஸ் குழுவின் தயாரிப்பாளராகப் புகழ்பெற்ற ஜோர்ஜ் மார்ட்டின் அவருக்கும் பாடல்களைத் தயாரித்தார்.

அவருடைய பாடும் முறையை இங்கே சற்று விளக்குவது நல்லது. உரத்த குரல் பலருக்கு உண்டு. ஷேர்லி ஒரு பாடலை ஒரு நாடகக் காட்சியாக நடத்துவார். தொடக்கத்தில் பேச்சுக்கு அருகில் நின்று, சொற்களை ஒவ்வொன்றாகக் கடித்து வைப்பார். நடுவில் மெல்ல ஏறுவார். பித்தளைக் குழல்கள் முழங்கும் இடத்தில் அவற்றையும் தாண்டிக் குரலை நிறுத்துவார். கைகளும் விரல்களும் வரிக்கு வரி பேசும். உடலை ஒட்டிய மின்னும் நீண்ட உடையும் அந்த நடிப்பின் ஒரு பகுதி. கடைசிச் சுரத்தை அவர் பிடித்து நிற்கும்போது, பாடலில் வரும் பெண்ணின் கோபமோ ஏமாற்றமோ அந்த ஒற்றைச் சுரத்தில் வந்து குவிந்திருக்கும். நுணுக்கமான மெல்லிசையை விரும்புபவர்களுக்கு இது மிகையாகத் தோன்றலாம். அவருடைய இரசிகர்களுக்கு வேண்டியதும் அந்த மிகைதான்.

பொண்ட் பாடல்கள்

1964 இல் இசையமைப்பாளர் ஜோன் பரி, பாடல் வரிகள் எழுதப்படுவதற்கு முன்பே ஒரு மெட்டை ஷேர்லிக்கு இசைத்துக் காட்டினார். வரி இல்லாத மெட்டைக் கேட்க விரும்பாத ஷேர்லி, கேட்டதும் சம்மதித்தார். லெஸ்லி பிரிகஸும் அந்தனி நியூலியும் வரிகள் எழுத, "கோல்ட்ஃபிங்கர்" பிறந்தது. படத்தின் எழுத்துக் காட்சிகள் திரையில் ஓட, அவற்றைப் பார்த்தபடியே ஷேர்லி பாடினார். காட்சி முடியும்வரை கடைசிச் சுரத்தை விடாமல் பிடிக்க வேண்டும். மூச்சுக்கு இடம் வேண்டி, இறுக்கமான உள்ளாடையைக் கழற்றி வைத்துவிட்டுப் பாடியதாக அவரே பலமுறை சொல்லியிருக்கிறார்.

படத்தின் தயாரிப்பாளர்களில் ஒருவரான ஹரி சால்ட்ஸ்மனுக்கு அந்தப் பாடல் பிடிக்கவில்லை. மாற்றுவதற்கு நேரம் இல்லாததால் அது தப்பியது. அமெரிக்காவில் எட்டாம் இடம் வரை சென்றது. படத்தின் இசைத்தொகுப்பு அங்கே முதலிடத்தைப் பிடித்தது. பொண்ட் பாடல் என்றால் எப்படி ஒலிக்க வேண்டும் என்பதற்கு இன்றுவரை அளவுகோல் அதுதான். அடுத்த ஆண்டு வந்த பொண்ட் படத்துக்குப் பாடியவர், கார்டிஃபுக்கு வடக்கே சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்த ரொம் ஜோன்ஸ். இப்படி அடுத்தடுத்த இரண்டு படங்களை வேல்ஸ் குரல்களே தொடக்கி வைத்தன.

1971 இல் "டயமண்ட்ஸ் ஆர் ஃபோரெவர்", 1979 இல் "மூன்ரேக்கர்" என மேலும் இரண்டு பொண்ட் பாடல்கள் வந்தன. மூன்றாவது, கடைசி நேரத்தில் வந்த அழைப்பு. அதைத் தன் பாடலாகவே தான் உணர்ந்ததில்லை என்று ஷேர்லி வெளிப்படையாகச் சொன்னார். இரண்டாவது பாடலோ இன்னொரு தலைமுறையையும் எட்டியது. அமெரிக்க ராப் பாடகர் கான்யே வெஸ்ட் 2005 இல் அந்தக் குரலைத் தன் பாடலுக்குள் எடுத்துப் பயன்படுத்தினார்.

இறக்கமும் திரும்பி வரவும்

ஷேர்லி பாஸியின் பயணம் ஒரே நேர்கோட்டில் ஏறியது என்று நினைத்தால் தவறு. 1960களின் பிற்பகுதியில் கிற்றார் குழுக்கள் இசைச்சந்தையை நிறைத்தன. முழு வாத்தியக் குழுவோடு மாலை உடையில் நின்று பாடும் பாடகி பழைய காலத்தவராகத் தோன்றத் தொடங்கினார். இன்று அவருடைய அடையாளமாகக் கருதப்படும் "பிக் ஸ்பெண்டர்" 1967 இல் 21 ஆம் இடத்தைத்தான் எட்டியது. வரிச் சுமையைத் தவிர்க்க அவர் பிரித்தானியாவை விட்டுச் சுவிற்சர்லாந்துக்குச் சென்றதால் உள்நாட்டு மேடைகளும் விலகிப் போயின.

1970 இல் திரும்பி வந்தபோது, தன்னைப் பின்னுக்குத் தள்ளிய குழுக்களின் பாடல்களையே எடுத்துப் பாடினார். ஜோர்ஜ் ஹரிசன் எழுதி பீற்றில்ஸ் வெளியிட்ட "சம்திங்" பாடலை அவர் தன் பாணியில் பாட, அது நான்காம் இடத்தைப் பிடித்தது. பீற்றில்ஸின் பதிவு பிரித்தானியாவில் எட்டிய இடமும் அதுவே. ஆனால் ஷேர்லியின் பதிவு அதைவிட நீண்ட காலம் பட்டியலில் நின்றது. 1971 நத்தார் தினத்தில் மோர்கம், வைஸ் என்ற நகைச்சுவை இணையரின் தொலைக்காட்சி நிகழ்ச்சியில் அவர் தோன்றினார். பாடிக்கொண்டே படியிறங்கும்போது காலணி மேடையில் சிக்க, அதற்குப் பதிலாக ஒரு கூலித் தொழிலாளியின் கனத்த சப்பாத்தை அந்த இருவரும் அவர் காலில் மாட்டிவிடுகிறார்கள். ஷேர்லியோ முகம் மாறாமல் பாட்டைத் தொடர்கிறார். அந்தக் காட்சியைப் பிரித்தானியத் தொலைக்காட்சிகள் இன்னும் திரும்பத் திரும்பக் காட்டுகின்றன. அந்தத் தசாப்தத்தில் பிபிசியில் அவர் பெயரிலேயே நிகழ்ச்சித் தொடர்கள் வந்தன. 1977 இல், முந்திய 25 ஆண்டுகளின் சிறந்த பிரித்தானியப் பாடகி என்ற விருதும் கிடைத்தது.

வீட்டின் இழப்புகள்

மேடையில் பாடிய துயரங்கள் வீட்டிலும் இருந்தன. 1961 இல் அவர் மணந்த கெனத் ஹியூம், 1965 இல் விவாகரத்தான பின்னர், 1967 இல் இறந்து போனார். இரண்டாவது திருமணமும் பின்னர் முறிந்தது. எல்லாவற்றிலும் பெரிய அடி 1985 இல் விழுந்தது. 21 வயதான மகள் சமந்தா பிரிஸ்டல் நகரில் ஏவன் ஆற்றில் சடலமாக மீட்கப்பட்டார். மகள் தன்னுயிரைத் தானே மாய்த்துக்கொண்டார் என்பதைத் தாய் ஒருபோதும் ஏற்கவில்லை. பின்னாளில் பொலிஸார் வழக்கை மீண்டும் ஆராய்ந்தபோதும் குற்றச் செயலுக்குச் சான்று கிடைக்கவில்லை. அந்த மரணத்துக்குப் பின் மேடையில் தன் குரல் தன்னைவிட்டுப் போனதாகவும், அதை மீண்டும் பயிற்சியெடுத்துத்தான் பெற்றதாகவும் ஷேர்லி கூறியிருக்கிறார்.

அறுபதுக்குப் பின்

1997 இல், 60 வயதில், புரொப்பெலர்ஹெட்ஸ் என்ற இளம் மின்னிசை இணையரோடு "ஹிஸ்ட்ரி ரிப்பீற்றிங்" பாடினார். நடன அரங்குகளில் அது பெரிதாக ஓடியது. அவருடைய பெயரையே கேட்டிராத இருபது வயதினர் அந்தக் குரலுக்கு ஆடினார்கள். 2007 ஜூனில், சேறும் மழையுமாக நடக்கும் கிளாஸ்டன்பரி திறந்தவெளி இசைவிழாவில், 70 வயதில், இளஞ்சிவப்பு மாலை உடையோடும், தன் பெயரின் முதலெழுத்துகள் பதித்த மின்னும் இறப்பர் சப்பாத்துகளோடும் வந்து நின்றார். 2009 இல் வந்த இசைத்தொகுப்பில் பெற் ஷொப் போய்ஸ், ரூஃபஸ் வெயின்ரைற் போன்ற அடுத்த தலைமுறையினர் அவருக்கெனவே பாடல்கள் எழுதினார்கள். வேல்ஸின் மனிக் ஸ்ட்ரீட் பிரீச்சர்ஸ் குழு டேவிட் ஆர்னோல்டுடன் சேர்ந்து எழுதிக் கொடுத்த பாடலின் தலைப்பு "டைகர் பேயிலிருந்து வந்த பெண்" என்று பொருள்படும்.

2013 பெப்ரவரியில், 76 வயதில், ஒஸ்கார் விருது விழா மேடையில் முதல் தடவையாகப் பாடினார். பாடியது "கோல்ட்ஃபிங்கர்". பதிவாகி ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆன பிறகும் கடைசிச் சுரத்தை அவர் தளரவிடவில்லை. அரங்கம் எழுந்து நின்றது. 2022 இல் லண்டனில் நடந்த பிரித்தானியத் திரைப்பட விருது விழாவையும், 85 வயதில், அவரே பாடித் தொடக்கி வைத்தார்.

வேல்ஸும் அவரும்

அரச கௌரவங்கள் படிப்படியாக வந்தன. 2000 ஆம் ஆண்டின் புத்தாண்டுப் பட்டியலில் "டேம்" பட்டம் அறிவிக்கப்பட்டது. ஒரே நேரத்தில் 65 பேர் மட்டுமே அங்கம் வகிக்கக்கூடிய "கம்பானியன் ஒஃப் ஒனர்" கௌரவம் 2024 இல் கிடைத்தது. 2023 இல் பிரித்தானிய அஞ்சல் துறை அவருக்காக முத்திரைத் தொகுதி ஒன்றை வெளியிட்டது. 1999 இல் கார்டிஃபில் ரக்பி உலகக் கிண்ணப் போட்டிகள் தொடங்கியபோது, வேல்ஸ் கொடியையே உடையாகத் தைத்து அணிந்து, ஓபெராப் பாடகர் பிரின் டெர்ஃபெலுடன் பாடினார். செந்நாகம் பொறித்த அந்த உடை வேல்ஸ் மக்கள் மனதில் இன்னும் நிற்கிறது. 2019 இல் கார்டிஃப் நகரசபை தன் உயர்ந்த கௌரவத்தை அவருக்கு வழங்கியது.

அவர் பிறந்த டைகர் பே இந்தக் கௌரவங்களைப் பார்க்க இருக்கவில்லை. 1960களில் பழைய வீடுகளை நகரசபை இடித்து, அடுக்குமாடிகளைக் கட்டியது. பல குடும்பங்கள் சிதறிப் போயின. நிலக்கரி வர்த்தகம் ஓய்ந்து கப்பல்துறைகள் மூடப்பட்டன. பின்னர் கடல்வாயை அணைகட்டி மறித்து, அந்த இடத்தை உணவகங்களும் அரங்குகளும் கொண்ட கார்டிஃப் பே என்ற புதிய முகத்தோடு அமைத்தார்கள். வேல்ஸின் நாடாளுமன்றக் கட்டடம் இன்று அங்கேதான் நிற்கிறது. அப்பகுதியின் பிள்ளைகளைப் பற்றிய நினைவு மெதுவாகவே திரும்பியது. டைகர் பேயில் வளர்ந்து, வேல்ஸின் முதல் கறுப்பினத் தலைமை ஆசிரியரான பெற்றி கம்பெல் அம்மையாருக்குக் கார்டிஃபின் நடுவில் சிலை திறக்கப்பட்டது 2021 இல்தான்.

ஷேர்லி பாஸி பல ஆண்டுகளாக மொனாகோவில் வாழ்கிறார். அரசியல் மேடைகளில் ஏறியவர் அல்லர். இனவாதத்துக்கு எதிராக முழக்கமிட்டவராகவும் அவரை யாரும் சொல்வதில்லை. மேடைக்கு வந்து, பாடி, கைதட்டலை வாங்கிப் போவதையே தன் வேலையாகக் கொண்டார். ஆனால் பிரித்தானியாவில் பிறந்த கறுப்பினப் பெண் ஒருவர் அந்நாட்டின் முதல்தரப் பாடகியாக இருக்க முடியும் என்பதை, அப்படிச் சொல்வதற்கு முன்மாதிரியே இல்லாத 1950களில் அவர் காட்டினார். ஹார்லெமிலிருந்து வந்தவராக விளம்பரப்படுத்தப்பட்டவர், வேல்ஸ் கொடியை உடுத்தி நின்றது நாற்பதுக்கும் மேற்பட்ட ஆண்டுகளுக்குப் பின்னர். அந்த இடைவெளியில் அவர் பிறந்த ஊர் மாறியது, நாடும் ஓரளவு மாறியது. அந்தப் பெண்ணோ கார்டிஃபின் மதுச்சாலைகளில் பழகிய அதே பலத்தோடு ஒவ்வொரு இரவும் பாடிக்கொண்டிருந்தார்.